24 ஆண்டுகள் பறந்தவருக்கு வேலை கசந்துவிட்டதா?

செட்டிநாட்டு ஊர் ஒன்றிலிருந்து ‘ஒரு ஆச்சி’ என்று மட்டும் கையெழுத்திட்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியும் சிலவற்றை மாற்றியும் அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 46, பள்ளி ஆசிரியை. கணவருக்கு 51, உள்நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் கேப்டன். 24 ஆண்டுகளாகப் பறக்கிறார். சென்னையில் சிறிய குடியிருப்பு ஒன்றில் தங்கிக்கொண்டு, விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைக்கும்போது பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடி வந்து இறங்குவார். வாசகி, மாமியாரோடும் மகளோடும் பூர்வீக வீட்டில் இருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செட்டிநாட்டில் போடப்பட்டு, இன்று பயன்பாட்டில் இல்லாத பழைய ஓடுதளத்தில் சைக்கிள் விட்ட வயதிலேயே விமானியாவது என்று முடிவு செய்தவர் அந்தக் கணவர். திருமணமான புதிதில் ஊருக்கு வந்தால் பட்டாலையில் உட்கார்ந்து, இடிமேகத்தைச் சுற்றிக்கொண்டு போன கதையைப் பங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கையை ஆட்டிக் காட்டிச் சொல்வாராம். இப்போது வந்ததும் மாடி அறைக்குப் போய்ச் சன்னல்களைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார். விடியற்காலை 3 மணிக்கு விழித்து முகப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். குறட்டை அதிகமாகிவிட்டது, கோபமும் அதிகமாகிவிட்டது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு இரண்டு முறை வரவில்லை. சென்ற பிள்ளையார் நோன்பன்று வந்தவர், சடங்கில் இழை எடுத்துக்கொள்ளும் நேரம்வரைகூட இருக்க முடியாமல் கிளம்பிவிட்டார். “பிடித்துத்தானே இந்த வேலைக்குப் போனீர்கள்?” என்று கேட்டதற்கு, “அது அப்போது, இப்போது பிழைப்புக்குப் பறக்கிறேன்” என்று சொல்லியிருக்கிறார்.

இந்த நிலையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள், “அப்பச்சி மாதிரி நானும் பைலட் ஆவேன்” என்று நிற்கிறாள். அப்பச்சியோ ஒரே சொல்லில் “வேண்டாம்” என்றுவிட்டார். வாசகி கேட்பவை நான்கு: நெடுங்காலம் பறந்த எல்லோருக்கும் இப்படித்தான் ஆகுமா, அல்லது இவருக்கு மட்டும் ஏதாவது கோளாறா? வேலையை விடச்சொல்லி, வீட்டைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக்கி அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா? மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனால் லைசன்ஸ் பறிபோகுமா? மகளை என்ன செய்வது?

ஆச்சி, உங்கள் கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி மட்டுமல்லாமல் ஒரு தொழிலைப் பற்றியும் சில முடிவுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு மூன்று சரியில்லை. அதைச் சொல்லும் முன் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். விமானப் பணியாளர்களோடும் இரவுப்பணி பார்ப்பவர்களோடும் பேசுவது என் தொழிலின் ஒரு பகுதி. அந்த அனுபவத்தில் நான் கண்டது, மூத்த விமானிகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பறப்பது கசப்பதில்லை என்பதுதான். விமானத்தின் கதவு மூடிய பிறகு தரையிறங்கிக் கதவு திறக்கும்வரை நடப்பதை அவர்கள் இன்னும் விரும்புகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடப்பவைதான் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போகின்றன. ரோஸ்டர் என்ற பணி அட்டவணை, தூக்கம், நிர்வாகத்தின் மின்னஞ்சல்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டர் என்ற பயிற்சி இயந்திரத்தில் வைத்து நடத்தப்படும் திறன் சோதனை, உடற்தகுதிப் பரிசோதனையில் இம்முறை என்ன வருமோ என்ற பதற்றம் ஆகிய எல்லாமே அந்தக் கனத்தில் அடங்கும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2009 ஜனவரி 15 அன்று, பறவைகள் மோதி இரண்டு இன்ஜின்களும் செயலிழந்த விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் உயிரோடு காப்பாற்றியவர் கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர். அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து அவர் சொன்னது பலருக்கு வியப்பாக இருந்தது. தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும், ஓய்வூதியத் திட்டம் கைவிடப்பட்டதையும் சொல்லிவிட்டு, தங்கள் பிள்ளைகள் இதே தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பும் ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். அப்படிச் சொன்னவர் அதே ஆண்டிலேயே மீண்டும் விமானி இருக்கைக்குத் திரும்பி, 2010 மார்ச்சில்தான் ஓய்வு பெற்றார். பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதும், தான் போய் மறுபடி உட்காருவதும் ஒரே மனிதருக்குள் ஒன்றாக இருக்க முடியும். உங்கள் கணவர் மகளுக்குச் சொன்ன “வேண்டாம்” என்ற சொல்லையும் அப்படித்தான் முதலில் படித்துப்பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கத்துக்கு ஜே.ஆர்.டி. டாட்டாவைச் சொல்வார்கள். 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் ஏற்றிப் பறந்தவர், அதன் ஐம்பதாம் ஆண்டான 1982இல், தம் 78ஆம் வயதில், அதே பாதையில் மறுபடி பறந்து காட்டினார். பறப்பதன் மீதான ஆசைக்கு வயதில்லை என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அவருக்கு யாரும் ரோஸ்டர் போடவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே, “வேலை பிடிக்கிறதா?” என்ற கேள்வியை இனி அவரிடம் கேட்காதீர்கள். அதற்கு வரும் பதில் அன்றைய தூக்கத்தைப் பொறுத்தது. “கடைசியாக மனத்துக்கு நிறைவாக இறக்கியது எந்த ஊரில்?” என்று கேட்டுப் பாருங்கள். ஏறத்தாழ உங்கள் கணவரின் வயதுள்ள ஒருவர் என் முன் அமர்ந்து அரை மணி நேரம் நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தார். இந்தக் கேள்வியைக் கேட்டதும், ஐப்பசி மழையில் பக்கவாட்டுக் காற்றோடு சென்னையில் இறங்கிய ஒரு மாலையைச் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல அவருடைய வலது கை என் மேசை ஓரத்தில் இன்ஜின் விசையைப் பிடிப்பது போல மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது, இடது கை விரல்கள் தொடைமீது சிறு சிறு அசைவாகத் திருத்திக்கொண்டே இருந்தன. தொழில் மீது ஆசை செத்துப்போனவருக்குக் கை அப்படி நகராது. உங்கள் கணவர் இந்தக் கேள்விக்கும் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து போனால், எனக்குக் கவலை அதிகமாகும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கொழுந்தனார், “பட்டனைத் தட்டிவிட்டால் விமானம் தானாகப் போகிறது, இதில் சலிப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தானியங்கி இருப்பது உண்மை. ஆனால் மேலேற்றுவது விமானியின் கைவேலை, இறக்குவதும் பெரும்பாலான நாட்களில் கைவேலைதான். நடுவில் உள்ள நேரத்தில் அவர் செய்வது கண்காணிப்பு. ஒன்றும் நடக்காதபோது விழிப்பாக இருப்பது மனித மூளைக்கு மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. போதாததற்கு, ஒவ்வொரு பயணத்தின் தரவும் பதிவாகி ஆராயப்படுகிறது. சற்றே அழுத்தமாகச் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டால் விளக்கம் கேட்டு அழைப்பு வரும். பாதுகாப்புக்கு இது அவசியம் என்பதை அவர்கள் யாரும் மறுப்பதில்லை. இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கு, ஒரு மாணவனைப் போல எழுதிக்கொடுத்துவிட்டு வருவது உறுத்தத்தான் செய்யும்.

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்ற கணக்கு

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நீங்கள் போட்ட கணக்கு. ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. அதை 365ஆல் வகுத்து, “ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை, நான் பள்ளியில் இதைப் போல இரண்டு மடங்கு நிற்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். வகுத்தல் சரி, வகுத்த எண்தான் தவறு. அந்த 1,000 மணி என்பது விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கி, மறுமுனையில் போய் நிற்கும்வரையான நேரம் மட்டும். பணி நேரம் வேறு.

காலை 5.40க்குக் கிளம்பும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 4.40க்கு அவர் விமான நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். அதற்கு 2.30க்கு எழுந்து குளித்துக் காரில் ஏற வேண்டும். மூச்சில் மது இல்லை என்று கருவியில் ஊதிக் காட்டிவிட்டு, வானிலை அறிக்கையையும் எரிபொருள் அளவையும் ஓடுதள அறிவிப்புகளையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பிறகு சென்னையிலிருந்து ஓர் ஊர், அங்கிருந்து இன்னோர் ஊர் என்று நான்கு செக்டர். இடையில் பயணிகள் இறங்கி ஏறும் அரை மணி நேரம் அவருக்கு ஓய்வல்ல, அடுத்த செக்டருக்கான ஆயத்தம். மதியம் 2 மணிக்கு முடிந்தால், ரோஸ்டரில் பறந்த நேரம் ஐந்தரை மணி என்று இருக்கும். அவர் விழித்திருந்தது பதினோரு மணி நேரத்துக்கும் மேல். இதில் ஸ்டாண்ட்பை என்று கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் நாட்களும், பயணியாக உட்கார்ந்து வேறு ஊருக்குப் போய் அங்கிருந்து விமானத்தை எடுக்கும் நாட்களும், வெளியூர் ஓட்டல் அறையில் கழியும் இரவுகளும் சேரவில்லை.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நான் கோடிட்ட வரிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதிகாலை 2 முதல் 6 மணிவரை உடலின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும் நேரம். விமானப் பணி விதிகளே இந்த நேரத்தைத் தனியாகக் குறித்து வைத்திருக்கின்றன. இந்த நேரத்தில் எழுந்தும், வேறு வாரங்களில் இந்த நேரத்தில் பறந்தும் பழகிய உடல், விடுப்பு நாளிலும் 3 மணிக்கு விழித்துக்கொள்ளும். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. அது ஆழம் குறைந்தது, சீக்கிரம் கலைவது. நம் ஊர் வீட்டில் உள்முற்றமான வளவில் பாத்திரம் விழுந்தால் மாடிவரை கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் மாடி அறையில் சன்னலைச் சாத்துவது உங்கள் முகத்தில் அறையும் செயல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இருட்டாக்கிக்கொண்டு படுப்பது, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மருத்துவர்களே சொல்லித்தரும் பழக்கம்.

உங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் கடை நடத்தியதையும், மூன்று வருடக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார் என்பதையும், அவர் சலித்துக்கொண்டதாக வீட்டில் யாரும் சொன்னதில்லை என்பதையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறையிடம் ‘வேலை பிடித்திருக்கிறதா’ என்று யாரும் கேட்டதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தவர்களும் குடும்பத்தைப் பிரிந்துதான் இருந்தார்கள். ஆனால் அங்கே இரவில் தூங்கினார்கள், கணக்கு முடித்து வந்தால் மாதக்கணக்கில் ஊரில் இருந்தார்கள். உங்கள் கணவர் இரண்டு நாளுக்கு வருகிறார். அதில் முதல் நாள் உடலுக்குப் போய்விடுகிறது, இரண்டாம் நாள் மாலையே அடுத்த ரோஸ்டரை நினைக்கத் தொடங்கிவிடுகிறார். மொத்தமாகப் பிரிந்திருப்பதைவிட இப்படித் துண்டு துண்டாக வந்துபோவதுதான் வீட்டில் அதிகச் சண்டையைக் கிளப்புகிறது என்பதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சுமை அவருடைய கற்பனை அல்ல என்பதற்கு அரசு விதியே சாட்சி. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ., 2024 ஜனவரியில் பணி நேர விதிகளைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவு என்பது காலை 6 மணிவரை என்று விரிந்தது. இரவுப் பணியில் 6 வரை அனுமதிக்கப்பட்டிருந்த தரையிறக்கம் 2 ஆகக் குறைந்தது. நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய நிறுவனம் விமானிகள் போதாமல் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ததும், சில விதிகள் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டதும் நீங்கள் செய்தியில் பார்த்ததுதான். சோர்வு என்பது தனிமனிதரின் சோம்பல் என்றால் இத்தனை பெரிய விவகாரம் நடந்திருக்காது. பறக்க முடியாத அளவு சோர்ந்திருக்கும் நாளில் அதை எழுத்தில் தெரிவிக்க அவருக்கு வழி இருக்கிறது. அவர் அதைப் பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள். பலர் கெட்ட பெயருக்கு அஞ்சிப் பயன்படுத்துவதில்லை.

இன்னொன்று, நான் தள்ளிப்போட விரும்பாதது. குறட்டை கூடியிருக்கிறது, பகலில் அயர்கிறார், எரிச்சல் மிகுந்திருக்கிறது, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இவையெல்லாம் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதோடு சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும். மூச்சுத் தடைக்கு இரவில் பொருத்திக்கொள்ளும் காற்றழுத்தக் கருவி நல்ல பலன் தரும். ‘வேலை கசந்துவிட்டது’ என்று ஆண்டுக்கணக்கில் நம்பியவர்கள், சரியாகத் தூங்கத் தொடங்கிய சில மாதங்களில் வேறு குரலில் பேசியதை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். சாதாரண சளி மாத்திரையில்கூட மயக்கம் தருவது உண்டு. அவர் எந்த மாத்திரை போடுவதானாலும் விமானப் பணிக்கான உடற்தகுதி மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

“ஆலோசகரிடம் போனால் லைசன்ஸ் போய்விடும்”

இந்த அச்சம் உங்களுக்கு மட்டுமல்ல, விமானிகளில் மிகப் பலருக்கு இருக்கிறது. அச்சத்தில் ஒரு பங்கு நியாயம். மனநோய்க்குச் சிகிச்சை தொடங்கினால் பறப்பதிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படலாம், சம்பளத்தில் அது கடிக்கும். ஆனால் தற்காலிகத் தகுதியின்மை வேறு, லைசன்ஸ் பறிபோவது வேறு. உரிய சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் பிறகு மீண்டும் பறக்க வருபவர்கள் இருக்கிறார்கள். தூக்கத்தைப் பற்றியும் குடும்பச் சச்சரவைப் பற்றியும் ஆலோசகரிடம் பேசுவதும், நோய் என்று பெயரிட்டு மருந்து எடுப்பதும் ஒன்றல்ல. அதே சமயம், உடற்தகுதிப் படிவத்தில் கேட்கப்படுவதை மறைக்கச் சொல்லி எந்த நல்ல ஆலோசகரும் சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன்.

மறைப்பதன் விலை பெரிது. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தை அதன் துணை விமானியே மலையில் மோதவிட்டு 150 பேர் இறந்த பிறகுதான் உலகம் இதைப் பேசத் தொடங்கியது. ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1,850 விமானிகளிடம் பெயர் கேட்காமல் நடத்தி அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 12.6 சதவீதம் பேர் மனச்சோர்வுக்கான அளவுகோலைத் தொட்டிருந்தார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது என்பதால் எல்லா விமானிகளுக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. இருந்தாலும், சோதனையில் பெயரோடு சொல்லாததைப் பெயரின்றிச் சொல்கிறார்கள் என்பது தெரிகிறது. விமானிகளின் மனநலம் குறித்து 2023இல் டி.ஜி.சி.ஏ. வெளியிட்ட சுற்றறிக்கையில், சக விமானிகளே பயிற்சி பெற்றுத் துணைநிற்கும் ஏற்பாட்டை நிறுவனங்கள் செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் கணவரின் நிறுவனத்தில் அது எப்படி இயங்குகிறது, எதுவரை ரகசியம் காக்கப்படும் என்பதை அவர் விசாரித்துக்கொள்ளட்டும். நிர்வாகத்திடம் வாய் திறக்காதவர் இன்னொரு கேப்டனிடம் திறப்பார். உடற்தகுதி இழப்புக்கான காப்பீடு எடுத்திருக்கிறாரா, அதில் மனநலக் காரணங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

நீங்கள் ஒரு ஆலோசகரைப் பார்ப்பதற்கும் அவருடைய லைசன்ஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர் வரத் தயங்கினால் முதலில் நீங்கள் போங்கள். மாமியார், பள்ளி, மகள் என்று எல்லாவற்றையும் தனியாகச் சுமப்பவர் நீங்கள். கடிதத்தில் உங்களைப் பற்றி இரண்டே வரிதான் இருந்தது.

சலிப்பு எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது என்பதற்கும் ஒரு குறிப்பு. பறப்பதில் மட்டுமல்லாமல் சாப்பாடு, நண்பர்கள், மகள் என எதிலும் நாட்டமில்லாமல் போவது, குடி தொடங்குவது அல்லது கூடுவது, “நான் இல்லாவிட்டால்” என்று தொடங்கும் பேச்சு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். அத்தகைய நிலையில் லைசன்ஸைப் பற்றி யோசிப்பது இரண்டாம் பட்சம்.

வேலையை விடுவதானால்

நாளையே எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடக்காது. 2017இல் வந்த விதிப்படி கேப்டன் ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். நிறுவனம் சம்மதித்து முன்பே விடுவித்தால்தான் அது குறையும். 58இல் ஓய்வு என்று நீங்கள் எண்ணியிருப்பதும் சரியல்ல. உடற்தகுதி இருந்தால் 65 வயதுவரை பறக்கலாம். அப்படிப் பார்த்தால் அவருக்கு முன் 14 ஆண்டுகள் இருக்கின்றன. ‘இன்னும் கொஞ்ச நாள்தானே’ என்று பல்லைக் கடித்துக்கொள்ளும் தூரம் அல்ல அது. வேறு நிறுவனத்துக்கு மாறுவதிலும் யோசனை வேண்டும். பெரும்பாலான இடங்களில் அங்குள்ள முன்னுரிமைப் பட்டியலின் அடியிலிருந்து தொடங்க நேரும். நல்ல ரோஸ்டரும் விரும்பிய விடுப்பும் அந்தப் பட்டியலைப் பார்த்தே கிடைக்கும் என்பதால், படைப்புக்கு வருவது இன்னும் கடினமாகலாம்.

விடுவதற்கும் அப்படியே தொடர்வதற்கும் நடுவில் வழிகள் உண்டு. சிமுலேட்டரில் பயிற்றுநராவது, சோதனை அதிகாரியாவது, நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் பாதி நாட்கள் வேலை பார்ப்பது ஆகியவை ஐம்பதைத் தாண்டிய கேப்டன்கள் நாடும் இடங்கள். கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பிறகு முகம் மாறியவர்கள் இருக்கிறார்கள். பட்டாலையில் பிள்ளைகளுக்குக் கைகளால் மேகம் காட்டியவர் இதற்குப் பொருத்தமானவராகவே எனக்குத் தோன்றுகிறார்.

விடுதி யோசனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகள் அழகாக நடப்பதைப் பார்த்து ஆசை வருவது இயல்பு. ஆனால் உங்கள் வீட்டில் எத்தனை புள்ளிக்கு, அதாவது எத்தனை குடும்பத்துக்கு, பங்கிருக்கிறது? எல்லோரும் எழுத்தில் சம்மதிக்காமல் ஒரு செங்கல்லையும் தொட முடியாது. அதற்கு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நள்ளிரவில் வந்திறங்கும் விருந்தினருக்குக் கதவு திறந்து, விடியற்காலையில் காபி கொடுக்கும் தொழிலைத் தூக்கமில்லாத மனிதருக்குப் பரிந்துரைக்கிறீர்கள். முதலில் அவர் மூன்று மாதம் ஒழுங்காகத் தூங்கட்டும், பிறகு இந்தப் பேச்சை எடுக்கலாம்.

மகளைப் பற்றி

“பெண் பிள்ளை என்பதால்தான் வேண்டாம் என்கிறாரோ” என்று சந்தேகப்படுகிறீர்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் பெண்கள், உலகச் சராசரி இதில் பாதிகூட இல்லை. தினமும் பெண் கோ-பைலட்டுகளோடு பறப்பவருக்கு அவர்களால் முடியும் என்பதில் ஐயம் இருக்காது. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு மாமியார் அவருக்குத் தினமும் தொலைபேசியில் அழைக்கிறார் என்ற வரியைப் படித்தேன். 260 உயிர்கள் போன அந்தச் செய்தியை அவர் எப்படிச் செரித்தார் என்று வீட்டில் யாராவது கேட்டீர்களா? அவருடைய மறுப்பில் அந்த அச்சம் கலந்திருக்கலாம். தன் முதல் நிறுவனம் மூடப்பட்டுச் சம்பளப் பாக்கியோடு வெளியே நின்ற மாதங்களின் நினைவும் கலந்திருக்கலாம். கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019இலும், கோ ஃபர்ஸ்ட் 2023இலும் பறப்பதை நிறுத்தின. நடுவில் 2020இல் கொரோனாவால் உள்நாட்டு விமானங்கள் இரண்டு மாதம் தரையிலேயே நின்றன. 24 ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் இதையெல்லாம் உள்ளேயிருந்து பார்த்தவர். பயிற்சிக்கு ஐம்பது லட்சத்துக்கு மேல் செலவாகும், குறிப்பிட்ட வகை விமானத்துக்கான பயிற்சிக்கு இன்னும் பல லட்சம், முடித்த மறுநாளே வேலை என்ற உறுதியும் இல்லை. அப்படிப்பட்ட தொழிலில் ஒரு தகப்பன் தயங்குவது பாசத்துக்கு எதிரானது அல்ல.

அதற்காக அவருடைய அலுப்பை மகளின் தீர்ப்பாக்கிவிடவும் கூடாது. 51 வயதில் ஒருவருக்குத் தொழில் எப்படி இருக்கிறது என்பது, 18 வயதில் ஒருத்தி அதைத் தொடங்கலாமா என்பதற்கு முழு விடை ஆகாது. மகளிடம் “வேண்டாம்” என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, ஒரு மாத ரோஸ்டரை அச்செடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் எப்போது எழுந்தேன், எங்கே தூங்கினேன், எதைத் தவறவிட்டேன், எந்த இறக்கம் மனத்துக்கு நிறைவாக இருந்தது என்று சொல்லும்படி அவரைக் கேளுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த இரண்டாம் நாள் காலையில் இதை வைத்துக்கொள்ளுங்கள், வந்திறங்கிய அன்று வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருங்கள், நடுவில் பேசாதீர்கள்.

அதன் பிறகும் அவள் உறுதியாக இருந்தால், எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் முன்பணம் கட்டும் முன் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு உடற்தகுதிப் பரிசோதனையையும், அதைத் தொடர்ந்து முதல் வகுப்புப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். கண்பார்வையில் நிறம் பிரித்தறிவதில் குறை, காதில் கோளாறு போன்றவை பணம் கட்டிய பிறகு தெரியவந்தால் போன பணம் போனதுதான். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல், லைசன்ஸுக்குத் தேவையான 200 மணி நேரத்தை அங்கே சேர்ந்தவர்கள் எத்தனை மாதத்தில் முடித்தார்கள், எத்தனை விமானங்கள் உண்மையில் பறக்கும் நிலையில் இருக்கின்றன என்று முன்னாள் மாணவர்களிடம் விசாரியுங்கள். வங்கிக் கடன் வாங்குவதானால், வேலை கிடைக்க இரண்டு ஆண்டு தாமதமானாலும் தவணை கட்ட முடியுமா என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கை உங்களைவிட நன்றாகப் போடக்கூடியவர் உங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.